ராவுத்தருக்கு யாரும் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரவில்லை

சுந்தர ராமசாமியின் 'விகாசம்' கதையைப் படித்தவர்கள் பெரும்பாலும் அதை ஒரு கால்குலேட்டர் கதையாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஒரு ஜவுளிக்கடை. அங்கே கணக்குப் போட ராவுத்தர். அவருக்குக் கண் தெரியாது. ஆனால் துணியின் அளவையும் விலையையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால், சொல்லி முடித்த கையோடு கூட்டுத்தொகை வந்து விழும். கடனுக்குத் துணி எடுக்கும் விஷயத்தில் முதலாளிக்கும் அவருக்கும் முட்டிக்கொள்கிறது, போய்விடுகிறார். ஓணம் வியாபாரம் நெருங்கும்போது அவர் இல்லாமல் முடியாது என்று தெரிந்து திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அதற்கப்புறம் ஒருநாள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு எந்திரம் கடைக்குள் வருகிறது.

அதன்பிறகு நடப்பதைத்தான் இங்கே பேச வேண்டும். ராவுத்தரை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அவர் கடையில்தான் இருக்கிறார். ஆனால் அவருக்கான இடம் போய்விட்டது. கலகலப்பாக இருந்த மனிதர் ஒடுங்கிப்போகிறார். இன்றைய ஹெச்.ஆர். பாஷையில் சொன்னால் 'டிஸ்எங்கேஜ்டு' ஊழியர்.

அப்புறம் இன்னொரு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. ராவுத்தருக்குத் தெரிந்தது கணக்கு மட்டும் இல்லை. கடையின் மொத்த நினைவும் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. என்ன சரக்கு தீரப்போகிறது, எந்தத் தேதிக்குள் எதைக் கட்டியாக வேண்டும், முதலாளி எதை மறந்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். முதலாளி இதைப் பார்த்துவிடுகிறார். கணக்கு எந்திரத்துக்குப் போகிறது, கடையை மேற்பார்க்கும் பொறுப்பு ராவுத்தருக்கு வருகிறது. மனிதர் மறுபடியும் மலர்கிறார். விகாசம் என்றால் மலர்ச்சி.

ஒருவருடைய மனம் வேலையிடத்தில் வாடி, அந்த வேலையிடத்திலேயே தளிர்க்கிற கதை தமிழில் அபூர்வம். சு.ரா.வே நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர் என்பதால் அந்தக் கடையின் உள்ளோட்டம் அவருக்குக் கைரேகை மாதிரி தெரிந்திருக்கிறது. அதனால்தான் கதையில் ஒரு முக்கியமான விஷயம் சத்தமில்லாமல் நடக்கிறது. ராவுத்தரின் மனதை யாரும் சரிசெய்வதில்லை, கடையைத்தான் மாற்றி அமைக்கிறார்கள். அதில் மனசு தானாகத் திரும்பி வருகிறது. நெகிழ்ச்சியான முடிவு என்று நாம் கடந்துபோகிற இடத்தில், வேலையிட மனநலம் பற்றிய ஒரு முழுக் கோட்பாடு இருக்கிறது.

இப்போது இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விடுவிக்கப்போவதாக அறிவித்தது. தாமே கோடு எழுதும் கருவிகள் எங்கள் எல்லோருடைய லேப்டாப்பிலும் வந்து உட்கார்ந்துவிட்டன. கால்குலேட்டரைத் தொட்டுப் பார்த்த ராவுத்தருக்கு வந்திருக்கக்கூடிய அந்தக் கேள்வி, திருச்சி நவல்பட்டு எல்காட் வளாகத்துக்கு பஸ் ஏறுகிற ஒவ்வொருத்தருக்கும் இப்போது வருகிறது. அந்தக் கேள்விக்கு நிறுவனங்கள் தருகிற பதில், வெபினார்.

என் நண்பன் ஒருத்தனிடம் வெபினார் என்ற வார்த்தையைச் சொன்னாலே சிரிப்பான். ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதியில் மாடி அறையிலிருந்து அமெரிக்க கிளையன்ட்டுக்கு வேலை பார்த்தவன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ். அதே ராத்திரி ஏழு மணிக்கு அவர்கள் கம்பெனியில் மனநல வெபினார், கட்டாயம் வர வேண்டும். ஒரு அம்மா இனிமையான குரலில் நாலு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லியிருக்கிறார். "மூச்ச இழுத்துக்கிட்டே லாக் பாத்துக்கிட்டு இருந்தேன் மச்சான். நாலு எண்றதுக்குள்ள புரொடக்‌ஷன் டவுன்" என்றான். சில மாசம் கழித்து பேப்பர் போட்டான். வெளியேறும் படிவத்தில் காரணம் கேட்கும் டிராப்-டவுன் ஒன்று வருமே, அதில் இருந்தவை: நல்ல வாய்ப்பு, மேற்படிப்பு, உடல்நலம், திருமணம், சொந்தக் காரணம். 'வேலை' என்று ஒரு காரணமே அந்தப் பட்டியலில் இல்லை. சொந்தக் காரணம் என்று கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

இந்த டிராப்-டவுனைத்தான் நான் ஒரு இலக்கியப் பிரச்சினையாகப் பார்க்கிறேன். ஒரு துன்பத்தை எந்த வார்த்தையில் சொல்ல அனுமதிக்கிறோமோ, அந்த வார்த்தைதான் மருந்து எங்கே போட வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. 'சொந்தக் காரணம்' என்று பெயர் வைத்துவிட்டால் வைத்தியமும் அவனுக்குள்ளேயே முடிந்துவிடும். மூச்சு, தியானம், நன்றி எழுதும் நோட்டு, அவ்வளவுதான். அவனுடைய ராத்திரி ஷிஃப்டைத் தொட வேண்டியதில்லை.

இதற்கு ஒரு கசப்பான உதாரணம் நாட்டுக்கே தெரியும். 2024 ஜூலையில் புனேயில் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நாலே மாதமான 26 வயதுப் பெண் இறந்துபோனார். வேலைச்சுமைதான் மகளைக் கொண்டுபோனது என்று அவருடைய தாய் நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியே வந்தது. நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. அதே மாதம் ஒன்றிய நிதியமைச்சர் சென்னையில் ஒரு கல்லூரி விழாவில், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தர வேண்டும் என்ற பொருளில் பேசி, பலரின் கோபத்துக்கு ஆளானார். ஒரு தாய் 'வேலை' என்று எழுதுகிறார். பதில் 'சொந்தக் காரணம்' என்ற கட்டத்திலிருந்து வருகிறது.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவரிடம் போவதையோ மாத்திரை எடுப்பதையோ கவுன்சலிங்கையோ நான் கிண்டல் செய்யவில்லை. அவை உயிர் காப்பவை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416. ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். தேவைப்படுகிறவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பர்ன்-அவுட்' என்பதைத் தன் பட்டியலில் விளக்கியபோது அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்து நிகழும் ஒன்று என்றது. 2022இல் வேலையிட மனநலத்துக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் தனிநபர் பயிற்சிகளோடு நிறுத்தவில்லை. வேலைச்சுமையையும் வேலை நேரத்தையும் வேலையின் அமைப்பையும் மாற்றும் தலையீடுகளைப் பரிந்துரைத்தது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்பதும் அவர்களுடைய கணக்குதான். அதாவது ஜெனீவாவில் அறிக்கையாக வந்தது, நாகர்கோவில் ஜவுளிக்கடையில் முன்பே கதையாக வந்துவிட்டது.

ஆனால் 'விகாச'த்தைக் கொண்டாடிவிட்டு நிறுத்திக்கொள்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்தக் கதை ஒரு நல்ல முதலாளியை நம்பி நிற்கிறது. அவர் பார்த்தார், ராவுத்தர் பிழைத்தார். பார்க்காமல் விட்டிருந்தால்? ஜவுளிக்கடையில் முதலாளியும் கணக்கரும் ஒரே கூரைக்கு அடியில், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கிறார்கள். முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு ஃப்ளோரில் யார் யாரைப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் போக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த சுஜாதா. பொறியாளர்களாகிய எங்களுக்கு எழுதவும் செய்யலாம் என்று தைரியம் கொடுத்தவர். ஸ்ரீரங்கம் என்றால் எல்லோரும் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' பக்கம் போவார்கள். நான் 'நகரம்' பக்கம் போகிறேன்.

'நகரம்' கதையை நாம் வள்ளியம்மாளின் பக்கம் நின்று படித்துப் பழகியிருக்கிறோம். அது நியாயம்தான். மூளைக்காய்ச்சல் கண்ட மகள் பாப்பாத்தியை மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற கிராமத்துத் தாய். பெரிய டாக்டர் உடனே அட்மிட் பண்ணச் சொல்லிவிட்டுப் போகிறார். அதன்பிறகு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறை, ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டு. கடைசியில் நாளைக் காலையில் வா என்கிறார்கள். அவள் ஊருக்கே திரும்பிவிடுகிறாள்.

ஒரு தடவை இதே கதையை மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் கதையாகப் படித்துப் பாருங்கள். கொடூரமான ஆள் என்று ஒருத்தரையும் கைகாட்ட முடியாது. ஒவ்வொருத்தரும் தன் முன்னால் வந்த காகிதத்தைத் தன் விதிப்படி அடுத்த மேஜைக்குத் தள்ளுகிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் ஒவ்வொரு டீமும் தன் டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிவிட்டது, கஸ்டமர் மட்டும் செத்துப்போகப் போகிறாள். பெரிய டாக்டர் நல்லவர், திறமைசாலி, சாயந்திரம் ஞாபகமாக விசாரிக்கவும் செய்கிறார். அந்த நல்ல குணம் நாலு மேஜை தாண்டி வருவதற்குள் ஆவியாகிவிடுகிறது.

வேலையிடத்து மனநலத்தைப் பற்றிய பேச்சில் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. அதிக வேலை மட்டும் மனிதனை உடைப்பதில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்யவிடாத அமைப்பில் தினம் போய் உட்காருவதும் உடைக்கிறது. ஒரு நர்ஸோ ஆசிரியரோ பேங்க் கவுன்ட்டரில் இருப்பவரோ சாயந்திரம் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு அவர் எத்தனை வள்ளியம்மாள்களை 'நாளைக்கு வா' என்று அனுப்ப வேண்டியிருந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சுஜாதா அந்த மேஜைக்காரர்களின் வீட்டுக்குள் போகவில்லை, அது அவர் எடுத்துக்கொண்ட கதையும் இல்லை. ஆனால் அவர்கள் எப்படி மரத்துப்போகிறார்கள் என்பதைச் சில பக்கங்களில் காட்டிவிட்டார். சுரணை இருந்தால் அந்த மேஜையில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

அந்த வீட்டுக்குள்ளேயும் போனவர் கோபிகிருஷ்ணன் (1945–2003). இப்போதைய வாசகர்கள் இவரை அதிகம் தேடிப் படிப்பதில்லை, தேடுங்கள். உளவியல் படித்தவர், சமூகப்பணியில் இருந்தவர், தானும் மனநல சிகிச்சையில் இருந்ததை மறைக்காதவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயாளிகளின் குரல்களைக் கேட்கவைக்கிறது. அவருடைய கதைகளில் குமாஸ்தா நாற்காலி, மேலதிகாரி, பற்றாத சம்பளம், மாத்திரை எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். இதில் எது நோய், எது அலுவலகம் என்று பிரித்துக்கொடுக்க மாட்டார்.

நம் விஷயத்துக்கு அதிகம் தேவைப்படுவது அவருடைய ஒரு குறுநாவல். பெயரே ஒரு வாக்கியம்: 'இடாகினிப் பேய்களும் நடைப்பிணங்களும் சில உதிரி இடைத்தரகர்களும்'. சமூக சேவை நிறுவனம் ஒன்றின் உள்ளே வேலை பார்ப்பவனின் பார்வை. அடுத்தவர் துயரத்தைத் துடைப்பதற்காகவே ஏற்பட்ட இடம், தன் ஊழியனின் மனசை எப்படி மென்று துப்புகிறது என்பதை ஆத்திரமும் எகத்தாளமுமாக எழுதியிருக்கிறார். கருணையையே தொழிலாகக் கொண்ட இடத்திலும் இதுதான் நிலைமை என்றால், கருணையை அமைப்பின் அஸ்திவாரமாக நம்ப முடியாது என்று ஆகிறது. வெபினார் நடத்துகிற கம்பெனியில் மனநலம் ஏன் மேம்படுவதில்லை என்று கேட்பவர்கள் இந்தக் குறுநாவலைப் படிக்கலாம். அவருடைய நடை சில இடங்களில் தளர்ந்து, குமுறலாக மட்டும் நின்றுவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் தளர்விலும் ஒரு சாட்சியம் இருக்கிறது. அலுவலகம் முடிந்து வந்து எழுதுகிறவனின் களைப்பு அதில் தெரிகிறது.

மூன்று பேரையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பாதை கிடைக்கிறது. சு.ரா.வின் கடையில் நல்ல மனம் வேலை செய்கிறது. சுஜாதாவின் ஆஸ்பத்திரியில் நல்ல மனம் வழியில் தொலைகிறது. கோபிகிருஷ்ணனின் நிறுவனத்தில் நல்ல மனமே போர்டு மாட்டிக்கொண்டு வியாபாரம் நடத்துகிறது. அப்படியானால் எதை நம்புவது?

எழுதிவைத்த உரிமையை நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்ரீரங்கத்துக்காரன் இதைச் சொல்லக் கொஞ்சம் காரணம் உண்டு. 'கோயிலொழுகு' என்று எங்கள் கோயிலின் வரலாறு சொல்லும் நூல் ஒன்று இருக்கிறது. அதைப் பக்தி நூலாகப் படிப்பவர்கள் உண்டு, வரலாற்றுக்காகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நம்மிடம் இருக்கும் பழைய ஹெச்.ஆர். மேனுவல்களில் ஒன்று. ராமானுஜர் கோயில் நிர்வாகத்தைத் திருத்தி, பணியாளர்களைப் பத்துக் கொத்தாகப் பிரித்து, இன்னாருக்கு இன்ன வேலை என்று வகுத்ததை அது விரிவாகச் சொல்கிறது. சாதி அடுக்குகளும் அதற்குள் இருக்கின்றன, அதைப் பொற்காலம் என்று தூக்கிப்பிடிக்க நான் வரவில்லை. ஆனால் ஒருவனுடைய வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அதிகாரியின் அன்றைய மனநிலைக்கு விடாமல் எழுத்தில் வைக்க வேண்டும் என்ற யோசனை இந்தத் தீவுக்குப் புதுசு இல்லை.

இந்த யோசனையின் இன்றைய வடிவம் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கண்ணில் படும். தெப்பக்குளம் பக்கம் என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக்கடைகள். 2010இல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு', சென்னை ரங்கநாதன் தெரு கடைக்குள் நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகளை நமக்குக் காட்டியது. கேரளம் 2018இல், பெண் ஊழியர்களின் போராட்டத்துக்குப் பிறகு, கடைகளில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலை நேரத்தில் உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார, ஊழியருக்கு இருக்கை வைத்தாக வேண்டும். என்.எஸ்.பி. ரோட்டில் சில கடைகளில் ஸ்டூல் கண்ணில் படுகிறது, சிலவற்றில் படவில்லை. எப்படியிருந்தாலும் 'ஏன் ஸ்டூல் இல்லை' என்று கேட்க இப்போது ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது.

அந்த ஸ்டூலை நான் மனநலச் சட்டமாகத்தான் பார்க்கிறேன். பத்து மணிநேரம் நிற்கிற ஒரு பெண்ணிடம் 'உள்வலிமை' பற்றிப் பேசுவதற்கும், அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போடுவதற்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்ல வந்தது. ஐ.டி.க்காரர்களின் ஸ்டூல் எது? பொன்மலை ரயில்வே பணிமனையில் சங்கு ஊதினால் ஷிஃப்ட் முடிந்தது என்று அர்த்தம். எங்களுக்குச் சங்கு இல்லை. ராத்திரி பத்தரைக்கு வரும் "க்விக் கால்?" என்ற மெசேஜுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை எழுத்தில் இருந்தால், அதுதான் எங்கள் ஸ்டூல்.

இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. இரா. முருகனின் 'மூன்று விரல்', விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' என்று கண்ணாடிக் கட்டடங்களுக்குள் தமிழ் நாவல் நுழைந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர்கள் கதவைத் திறந்தார்கள். பின்னால் வந்த நாம், ஐ.டி. கதை என்றாலே லே-ஆஃப், விவாகரத்து, தற்கொலை என்று உச்சக்காட்சிகளையே எழுதிக்கொண்டிருக்கிறோம். உடைந்த பிறகு என்ன ஆகிறது என்பது நமக்கு எழுதத் தெரிகிறது. எது, எந்த மேஜையில், எந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் உடைக்கிறது என்பதை எழுத இன்னும் பொறுமை வரவில்லை.

சு.ரா. அதைத்தான் செய்தார். ராவுத்தரின் துக்கத்தை எழுதுவதற்கு முன்னால் ராவுத்தரின் வேலையை எழுதினார். துணி வாசிக்கப்படும் வேகம், எண்கள் வந்து விழும் லாகவம், பண்டிகைக் கூட்டம் எல்லாவற்றையும் எழுதினார். வேலை அவ்வளவு துல்லியமாக இருப்பதால்தான் அது பறிபோவதும் திரும்பி வருவதும் நமக்கு வலிக்கவும் இனிக்கவும் செய்கிறது. ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கையும் அப்ரைசல் படிவத்தையும் டிக்கெட் க்யூவையும் அந்த அக்கறையோடு எழுதிய ஒரு கதை வரட்டும். அதைப் படிக்கிற ஒரு மேனேஜர் அழ வேண்டாம். அடுத்த நாள் ஆபீஸில் எந்த ஒரு விஷயத்தை மாற்றினால் தன் டீமில் ஒருத்தருக்கு இடம் கிடைக்கும் என்று யோசித்தால் போதும்.